சரவணப்பொய்கையில் முங்கிய வாட்ச்

திருத்தணி ரயிலடியில் போய்ப் பரந்தாமன் ஆட்டோ எது என்று கேட்டால் இரண்டு மூன்று பேரைக் கை காட்டுவார்கள். தண்ணி வாட்ச் பரந்தாமன் என்று கேட்டால் ஒரே ஆளைத்தான் காட்டுவார்கள். மலையடிவாரத்துக்கு ஆள் ஏற்றுகிற ஷேர் ஆட்டோக்காரன். நெற்றியில் பட்டை விபூதி, காக்கிச் சட்டை, மடித்துவிட்ட கைக்குக் கீழே இடது மணிக்கட்டில் கனத்த வெள்ளை வாட்ச். அது சுவிஸ் நாட்டு வாட்ச். அதைக் கட்டிக்கொண்டு அவன் ஆட்டோ ஓட்டுவதே ஊருக்கு ஒரு வேடிக்கை.

ரயிலடிக்கு எதிரே டில்லிபாபுவின் டீக்கடை. புதிதாக யாராவது, "அது நெஜமாலுமே தண்ணியில போட்டா ஒண்ணும் ஆவாதா?" என்று கேட்டுவிட்டால் போதும். பரந்தாமன் பேசவே மாட்டான். வாட்சைக் கழற்றி, தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் மெல்ல இறக்கிவிட்டு டீ குடிக்க ஆரம்பிப்பான். டீ தீருகிற வரைக்கும் வாட்ச் தண்ணீருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு எடுத்து உதறிக் கட்டிக்கொண்டு போய்விடுவான். டில்லிபாபு அந்த டம்ளரை உயர்த்திப் பிடித்து, இதில் டீ ஊற்றினால் இரட்டை விலை என்பான்.

அந்த வாட்ச் அவனுக்கு மஸ்கட்டில் வந்தது. அங்கே ஒரு பெரிய வீட்டில் கார் ஓட்டினான். இளமை முழுக்க அந்த ஒரே வீடுதான். வீட்டுப் பெரியவருக்குக் கடல் என்றால் உயிர். நடக்க முடிந்த நாளில் மீன் பிடிக்கப் படகில் போவார். நடை தளர்ந்த பிறகு பரந்தாமன் சாயங்காலம்தோறும் அவரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், கைப்பிடித்து ஈரமணலில் நடத்துவான். பெரியவர் போய்ச் சேர்ந்ததும் மகன் இவனைக் கூப்பிட்டு, அப்பா கடலில் கட்டியிருந்த வாட்ச் இது என்று சொல்லித் தானே இவன் கையில் கட்டிவிட்டான். கடலுக்கு அடியில் போனாலும் ஒரு சொட்டு இறங்காது, பக்கத்திலே இருக்கிற, மணி திருத்துகிற சாவியை மட்டும் தொடாதே, கை அசைந்தாலே அது ஓடும் என்றான். பரந்தாமன் அந்தப் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன். அன்றிலிருந்து சாவிப் பக்கம் அவன் விரல் போனதே இல்லை. மணி திருத்துவது, துடைப்பது எல்லாம் ஒருவர் கைதான். அவன் பாவா ஆதிகேசவன்.

பாவா என்றால் அக்காள் வீட்டுக்காரர். அந்த உறவைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னாலே போக வேண்டும். ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டின குடும்பம். பரந்தாமன் தவழ்கிற பிராயத்தில் தாய் போய்விட்டாள். நைனாவும் அதிக நாள் இல்லை. அக்காள் கன்னியம்மாள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவளுக்குக் கல்யாணம் பேச வந்தபோது, தம்பியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்த ஆதிகேசவன், குத்துவிளக்கு, அண்டா, குண்டான் எல்லாம் வரும்போது பையனும் வரட்டுமே என்றாராம். அப்படிச் சீரோடு சீராக வந்தவன் பரந்தாமன். பிற்பாடும் பாவா கேலி செய்வார்: அண்டா ஓட்டை விழுந்துவிட்டது, குண்டான் நசுங்கிவிட்டது, சீரில் வந்ததில் நீ ஒருத்தன்தான் உருப்படியாக இருக்கிறாய் என்று.

ஆதிகேசவன் சென்னையில் ஒரு பெரிய வாட்ச் கடையில் வேலை பழகி, பிறகு திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சொந்தமாகக் கடை போட்டவர். பரந்தாமன் மஸ்கட் போகிறபோது பம்பாய் வரைக்கும் கூடவே ரயிலில் வந்தார். விமான நிலைய வாசலில் இவன் அழ ஆரம்பித்ததும் அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தன் கையில் இருந்த வாட்சைக் கழற்றி இவன் கையில் கட்டி, "மணி பாத்து சாப்டுடா" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் பரந்தாமன் லீவில் வருவதெல்லாம் ஆடிக் கிருத்திகைக்குத்தான். குடும்பமாகச் சரவணப்பொய்கைக்குப் போவார்கள். மஸ்கட் வாட்ச் கைக்கு வந்த வருஷம் அதைக் கழற்றாமலே குளத்தில் முங்கி எழுந்தான். படியில் நின்ற பாவா பதறிப்போய், "டேய், மணி இன்னாடா?" என்று கத்தினார். இவன் தண்ணீர் சொட்டச் சொட்டக் கையை உயர்த்தி மணி சொன்னான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அது குடும்பத்து வழக்கமாகிவிட்டது. ஆடிக் கிருத்திகை என்றால் காவடி, மொட்டை, சந்தனம், அதோடு பாவா கேட்கிற மணி. மஸ்கட்டை விட்டு வந்து ஆட்டோ எடுத்த பிறகும் ஒரு வருஷம் தவறியதில்லை.

போன வருஷம்தான் தவறியது. ஆனி மாதத்தில் ஒரு நாள் கடையில் உட்கார்ந்திருந்த ஆதிகேசவனுக்கு வலது பக்கம் இழுத்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கால் சீக்கிரம் திரும்பியது, கோல் ஊன்றி நடந்தார். வலது கைதான் யாருடைய கையோ போலப் பக்கத்தில் கிடந்தது. பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அனுப்பினார்கள். கை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சோறு பிசைய வந்தது, பொத்தான் போட வந்தது. ஆனால் கடையை மட்டும் அவர் திறக்கவில்லை. ஏன் என்று பரந்தாமன் கேட்டபோது மழுப்பினார். அக்காள்தான் தனியாகச் சொன்னாள். கடைக்கு வருகிறவன் வாட்சை நீட்டும்போது வலது கை நீளவில்லை என்றால் இடது கையால் வாங்க வேண்டும். ஒருத்தன் பொருளை இடது கையால் வாங்குவதா, சாமி படம் மாட்டின கடையில் அதை நான் செய்ய மாட்டேன் என்றாராம். அதைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான்.

இந்த வருஷம் சித்திரைக்கு மேல் பரந்தாமனின் வாட்ச் பின்தங்க ஆரம்பித்தது. மனைவி பிரபாவதி, சென்னைக்குக் கொண்டுபோய் அந்தக் கம்பெனிக் கடையிலேயே கொடுங்கள் என்றாள். அவள் சொன்னது நியாயம். ஆனால் பரந்தாமன் வாட்சை எடுத்துக்கொண்டு நேரே அக்காள் வீட்டுக்குப் போனான். பாவாவின் மடியில் அதை வைத்தான். அவர் இடது கையால் அதைத் தள்ளினார். இவன் மறுபடி எடுத்து வைத்தான்.

"வேற யார்கிட்டயும் கொடுக்கறதா இல்ல பாவா. ஓடலன்னா ஓடாமயே கெடக்கட்டும்" என்றான்.

வாட்ச் மடியிலேயே கிடந்தது. சாயங்காலம் கன்னியம்மாள் முக்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். மறுநாள் அவரே போய் அதில் உட்கார்ந்தார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டார். அதற்கப்புறம் எத்தனை நாள் ஆனதோ, வெயில் ஜன்னலில் இருக்கிற நேரம் மட்டும் வேலை. ஒரு தடவை கடுகளவு திருகாணி தெறித்து விழுந்து, புருஷனும் பெண்டாட்டியும் தரையில் காந்தத்தை வைத்துக்கொண்டு தவழ்ந்தார்களாம். அக்காள் அதைப் போனில் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்ததைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. பரந்தாமன் ஆட்டோவை ஓரம்கட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆடி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் பாவா கூப்பிட்டனுப்பினார். வாட்ச் பளபளவென்று இருந்தது. அவர் அதை வலது கையில் வைத்து, இடது கையால் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டு நீட்டினார். நடுக்கம் இருந்தது. ஆனாலும் நீட்டியது வலது கை. பரந்தாமன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கிருத்திகை முடிந்த மறுநாள் கடையைத் திறக்கிறேன், போர்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன் என்றார் பாவா. கிருத்திகையன்று நீ இதைக் கட்டிக்கொண்டு முங்கு, என் வேலை எப்படி என்று நானும் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

வாட்சை வீட்டில் கொண்டுபோய்ப் பிரபாவதியிடம் கொடுத்து, சாமி முன்னால் வை என்று சொல்லிவிட்டுப் பரந்தாமன் சவாரிக்கு ஓடினான். பிரபாவதி நேரம் காலம் பார்க்கிறவள். புது ஃபிரிட்ஜ் ராகுகாலத்தில் வந்து இறங்கியது என்று, அது முடிகிற வரைக்கும் பிளக்கைச் செருக விடாமல், கொண்டுவந்த ஆட்களுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தவள். சாயங்காலம் அவன் வந்தபோது வாட்ச் முருகர் படத்துக்கு முன்னால் மஞ்சள் குங்குமத்தோடு இருந்தது. எடுத்துத் துடைத்துக் கட்டிக்கொண்டான். அன்றைக்கு அவன் ஆட்டோ தரையில் ஓடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மழை. மழையிலேயே ஓட்டிவிட்டு, காலையில் வண்டியைக் கழுவிவிட்டு மணி பார்த்தான். கண்ணாடிக்கு உள்பக்கம் லேசாகப் புகை படிந்திருந்தது. மேலே துடைத்தான். போகவில்லை. கட்டைவிரலால் தேய்த்தான். போகவில்லை. புரை விழுந்த கண் மாதிரி வாட்ச் அவனைப் பார்த்தது. ஈரம் உள்ளே போய்விட்டது.

வாட்ச் கெட்டதே என்றுகூட முதலில் அவனுக்குத் தோன்றவில்லை. பாவாவுக்குத் தெரியக்கூடாது என்றுதான் தோன்றியது. மஸ்கட்டில் கடலுக்குள் போய் வந்தபோது இறங்காத தண்ணீர், பாவா திறந்து மூடின பிறகு இறங்கியிருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருஷம் பந்தைப் பிசைந்து மீட்ட கை. இது தெரிந்தால் அந்தக் கை திரும்பவும் மடியில் போய் விழுந்துவிடும்.

பிரபாவதியிடமும் அவன் சொல்லவில்லை. அவளும் கன்னியம்மாளும் தினம் போனில் பேசுகிறவர்கள். இங்கே தும்மினால் அங்கே தெரிந்துவிடும். ஆகவே திருடன் மாதிரி வைத்தியம் பார்த்தான். ஈரமான போனை அரிசியில் போடுவார்களே என்று அரிசி டப்பாவில் புதைத்தான். பிரபாவதி உலைக்கு அரிசி அளக்கப் போக, ஆழாக்கோடு வாட்ச் வந்தது. "வாட்ச்சுக்கும் இப்ப பசிக்குதா?" என்று கேட்டாள். திருட்டு பயம் என்று எதையோ சொல்லி வைத்தான். டிவிப் பெட்டியின் சூட்டில் வைத்தான். ஆட்டோ முன்கண்ணாடியில் வெயில்பட வைத்துக்கொண்டு ஓட்டினான். மத்தியானம் புகை மறைந்துபோகும். அவனுக்கும் மூச்சு வரும். சாயங்காலம் காற்று குளிர்ந்ததும் திரும்பவும் வந்து படியும். உள்ளே போன ஈரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அரக்கோணத்துக்குச் சவாரி போனபோது அங்கே ஒரு வாட்ச் கடையில், யாருக்கோ கேட்கிற மாதிரிக் கேட்டான். வாட்சைச் சட்டைப் பைக்குள் போட்டு மறைத்துக்கொண்டுதான் கேட்டான். கடைக்காரர் நல்ல மனுஷர். ரிப்பேருக்கு அப்புறம் புகை படிந்தால் மூடினதில்தான் எங்கோ பிசகு, முதுகைத் திறந்து மெஷினை வெளியே எடுத்துக் காயவைக்க வேண்டும், வெயிலில் வைத்தெல்லாம் ஆகாது, நாள் போகப் போகத் துருப்பிடிக்கும், கொண்டு வாருங்கள் நான் பார்க்கிறேன் என்றார். பரந்தாமன் கொண்டுபோகவில்லை. பாவா மூடின முதுகை இன்னொருவர் திறந்தால் அந்தத் தடம் பாவா கண்ணுக்குத் தப்பாது. கடிகாரத்தின் முதுகைப் பார்த்து யார் யார் திறந்தார்கள் என்று சொல்கிறவர் அவர்.

டயல் உள்பக்கம் இருக்கும்படி வாட்சைத் திருப்பிக் கட்ட ஆரம்பித்தான். டீக்கடையில் யாராவது டம்ளர் வித்தை கேட்டால், நேரமில்லை என்று எழுந்துவிடுவான். டில்லிபாபு, "இன்னா பரந்தா, வாட்ச்சுக்கு ஜலதோஷமா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பரந்தாமன் சிரிக்கவில்லை. டில்லிபாபு அதைக் கவனித்துவிட்டு அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

பாவா ஒரு நாள் போன் செய்து வாட்ச் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். "ஆங், சூப்பரா ஓடுது பாவா" என்றான். போனை வைத்தபிறகு சவாரிக்கு உட்கார்ந்திருந்த அம்மாள், ஏம்பா வண்டி எடுக்கலையா என்று கேட்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

ஆடிக் கிருத்திகை சனிக்கிழமையில் வந்தது. விடிவதற்கு முன்னாலேயே ஊர் நிறைந்துவிட்டது. ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்த பஸ்களும் ரயிலில் வந்த கூட்டமும் அடிவாரத்தில் கலந்து, மஞ்சள் வேட்டியும் புஷ்பக் காவடியுமாகத் தெரு நகர்ந்துகொண்டிருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பரந்தாமன் மனத்தில் ஒரு முடிவு எடுத்துவிட்டான். வாட்சை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் பாவா கேட்பார். கட்டிக்கொண்டு முங்காமல் இருந்தாலும் கேட்பார். ஆகவே கட்டிக்கொண்டு முங்குவது. ஒரு தடவை எழுந்து மணி சொல்லிவிடுவது. அடுத்த முங்கில் தண்ணீருக்கு அடியில் கொக்கியைக் கழற்றி வாட்சைப் பொய்கைக்கே விட்டுவிடுவது. கூட்டத்தில் செயின் அறுந்துபோயிற்று என்றால் யார் என்ன சொல்ல முடியும்? பாவா ஒரு நாள் வருத்தப்படுவார். மறுநாள் கடையைத் திறந்துவிடுவார்.

மஸ்கட் பெரியவரை நினைத்துக்கொண்டான். ஈரமணலில் அவர் கை தன் கையைப் பிடித்திருந்த பிடி நினைவுக்கு வந்தது. மன்னிச்சுக்குங்க என்று மனத்துக்குள் அவரிடம் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான்.

பாவா கோலை ஊன்றிக்கொண்டு படியில் நின்றார். அக்காள் அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். பிரபாவதி மாற்றுத் துணியும் தேங்காய்த் தட்டுமாக அவர்களுக்குப் பின்னால் நின்றாள். பரந்தாமன் இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டான். முங்கினான். எழுந்தான்.

"டேய், மணி இன்னாடா?"

பழைய குரல். ஒரு வருஷமாக அந்தக் குரல் எங்கேயோ போயிருந்தது. பரந்தாமன் வீட்டில் பார்த்த நேரத்தையும் வந்துசேர ஆன நேரத்தையும் கூட்டி ஒரு மணியைச் சொன்னான். கையையும் உயர்த்தினான். படியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காள் சிரித்தாள். பாவா மட்டும் சிரிக்கவில்லை.

பரந்தாமன் அதைப் பார்க்காமல் மறுபடி முங்கினான். தண்ணீருக்குள் கொக்கியைத் தட்டினான். செயின் அவிழ்ந்து வாட்ச் உள்ளங்கையில் வந்து விழுந்தது. விரலைத் திறந்தால் போதும். விரல் திறக்கவில்லை. மூச்சு முட்டுகிற வரைக்கும் உள்ளேயே நின்றான். திறக்க முடியவில்லை. எழுந்து பார்த்தால் பாவா எதிரே நின்றுகொண்டிருந்தார். அக்காள் கையை உதறிவிட்டு, வேட்டி நனைய முழங்காலளவுத் தண்ணீருக்குள் இறங்கி வந்திருந்தார்.

"வாட்ச்ச பாக்காமலே மணி சொல்றியே, இன்னாடா சமாச்சாரம்?" என்றார். "கைய தெற."

பரந்தாமன் கையைத் திறந்தான். கண்ணாடிக்கு உள்ளே இப்போது புகை மட்டும் இல்லை. சின்னச் சின்னத் துளியாகத் தண்ணீர் ஓடியது. பாவா அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பரந்தாமன் என்னென்னவோ சொன்னான். வண்டி கழுவும்போது தண்ணீர் போய்விட்டது, தன்மேல்தான் தப்பு என்றான், எங்கோ இடித்துவிட்டேன் என்றான். பாவா எதையும் காதில் வாங்கவில்லை. படியில் போய் உட்கார்ந்தார்.

"நான் மூடுனது சரியில்ல" என்றார் மெதுவாக. "போர்டுக்காரன்ட்ட வேணாம்னு சொல்லிடு பரந்தா."

கன்னியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன, அரோகரா சத்தம் காதை அடைத்தது. பாவாவின் கட்டைவிரல் பழக்கத்தில் வாட்சின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. தடவின விரல் ஓரிடத்தில் நின்றது. திரும்பவும் தடவிற்று.

"சாவி ஏன் துருத்திகினு கீது?"

கேட்டுவிட்டு அவரே திருகிப் பார்த்தார். அந்த மாதிரி வாட்சுக்குச் சாவியை உள்ளே அமுக்கினால் மட்டும் போதாது. அமுக்கிப் பிடித்து, பாட்டில் மூடி மாதிரி முறுக்கி இறுக்க வேண்டும். அதுதான் தண்ணீருக்குக் கதவு. அந்தக் கதவு திறந்து கிடந்தது.

யார் தொட்டது என்று கேட்டார். பரந்தாமன், மஸ்கட்டில் கொடுத்த நாளிலிருந்து நான் அதைத் தொட்டதே இல்லை, உங்களுக்கே தெரியும் என்றான். அதுவும் அவருக்குத் தெரிந்ததுதான். அப்போது பின்னாலிருந்து பிரபாவதி தட்டோடு முன்னால் வந்தாள். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"நான்தான்ணா தொட்டேன். நீங்க கொடுத்தனுப்புனது வெள்ளிக்கெழம ராகுகாலத்துல. ஒரு வருஷம் கழிச்சி உங்க கையால செஞ்ச மொத வேல. அது ராகுகாலத்துல ஓட ஆரம்பிக்கலாமா? அதான் நிறுத்தி வச்சேன். இழுத்தா வரல, திருகுனேன், வந்துச்சி. பன்னெண்டு மணி தாண்டனதும் நேரம் வச்சி அமுக்கி உட்டேன். ஏண்ணா, அது கூடாதா?"

ஆதிகேசவன் அவளையே பார்த்தார். பிறகு கன்னியம்மாளைப் பார்த்தார். கன்னியம்மாள் முந்தானையை எடுத்துவிட்டு, கொடுக்கிற அன்று காலையில் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை முறுக்கினார், தன் கை மேல் நம்பிக்கை இல்லாமல் என்னையும் ஒரு தடவை திருகிப் பார்க்கச் சொன்னார், என்னால் அசைக்க முடியவில்லை என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் குரல் ஏறிக்கொண்டே போனது.

"அப்ப நான் சரியாதான் மூடிகீறேன்" என்றார் ஆதிகேசவன்.

யாரிடமும் சொல்லவில்லை. தன் வலது கையைப் பார்த்துச் சொன்னார். விரல்களை மடக்கினார், விரித்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பரந்தாமன் பயந்துபோய்க் குனிந்து பார்த்தான். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலும் தண்ணீர் இருந்தது. அது பொய்கைத் தண்ணீர் இல்லை.

பிரபாவதிக்கு அப்போதுதான் விஷயம் முழுக்கப் புரிந்தது. அரிசி டப்பாவில் வாட்ச் கிடந்தது எதற்கென்றும் புரிந்தது. புருஷன் பக்கம் திரும்பி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே என்றாள். அவள் நல்லதுக்குச் செய்தாள். அவன் நல்லதுக்கு மறைத்தான். இரண்டு நல்லதும் சேர்ந்து வாட்சுக்குள் தண்ணீரை விட்டுவிட்டன.

"தண்ணி உள்ள நிக்குது. இப்பவே தெறக்கணும்" என்று பாவா கோலை ஊன்றி எழுந்தார். வீட்டுக்கா என்று அக்காள் கேட்டாள். காற்றடிக்க, காயவைக்க வீட்டில் சாமான் இல்லை, கடைக்குத்தான் என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே நினைவு வந்ததுபோல் நின்று பிரபாவதியைப் பார்த்தார். சனிக்கிழமை, ஒன்பது மணி தாண்டியிருந்தது. நடு ராகுகாலம். ஒரு வருஷம் மூடிக் கிடந்த கடை.

பிரபாவதி மலையைப் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தொறங்கண்ணா. முருகருக்கு ஏது ராகுகாலம்?" என்றாள்.

கடை ஷட்டர் முனகிக்கொண்டு பாதி ஏறி அதற்கு மேல் வர மறுத்தது. குனிந்து உள்ளே போனார்கள். தூசி, எண்ணெய் வாசனை. கன்னியம்மாள் மேசையை முந்தானையாலேயே துடைத்தாள். ஈர வேட்டியோடு பாவா முக்காலியில் உட்கார்ந்து லென்ஸை மாட்டிக்கொண்டார். பின்மூடி திறக்கிற கருவியைப் போட்டு முதுகை ஒரு நெகிழ்வு நெகிழ்த்தினார். பிறகு மேசை இழுப்பறையைத் தேடினார், அதைப் பிடித்துச் சுழற்றுகிற சாமானைக் காணவில்லை. அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை எடுத்து, அதை வாட்சின் முதுகில் அழுத்தித் திருப்பினார். முதுகு பந்தோடு ஒட்டிக்கொண்டு சுற்றி வந்தது. இந்தப் பந்து இதற்கும் ஆகும் என்று இத்தனை நாளாகத் தெரியவில்லையே என்றார்.

மெஷினை வெளியே எடுத்தார். ரப்பர் குமிழால் காற்றடித்தார். துளி துளியாகத் தண்ணீரைக் காகிதத்தில் ஒற்றினார். ஒவ்வொரு சாமானாகக் கழற்றிக் கழுவி, மேசை விளக்கின் சூட்டில் வரிசையாக வைத்தார். கை நடுங்கியது. நடுங்கும்போது நிறுத்திவிட்டு, நடுக்கம் நின்ற பிறகு தொட்டார். ஒரு திருகாணித் தலையில் துரு ஏறியிருந்தது, அதை மாற்றினார். டயலில் ஆறு என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கறை விழுந்திருந்தது. அது போகாது என்றார். வேண்டுமானால் சென்னையில் வேறு டயல் வாங்கிவரச் சொல்லலாம் என்றார். இருக்கட்டும் பாவா என்றான் பரந்தாமன். பொய்கைக்குப் போட இருந்ததைப் பற்றி அவன் எப்போதும் சொல்லவில்லை. கொக்கி திறந்திருந்ததைப் பாவா பார்த்தாரா என்பதும் தெரியாது. அவரும் கேட்கவில்லை.

மத்தியானம் தாண்டி மூடினார். புது ரப்பர் வளையம் போட்டு முதுகை முறுக்கினார். சாவியை முறுக்கும்போது பிரபாவதியைப் பக்கத்தில் கூப்பிட்டு, அமுக்கு, இப்போ திருகு, இன்னும் என்று அவள் கையாலேயே இறுக்க வைத்தார். பிறகு வாட்சை விளக்கில் கொஞ்சம் சூடு காட்டிவிட்டு, குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடி நடுவில் விட்டார். உள்ளே ஈரம் மிச்சம் இருந்தால் அந்தச் சொட்டுக்கு அடியில் புகை கட்டும். நாலு தலையும் அந்தச் சொட்டுக்கு மேலே கவிந்தன. கொஞ்ச நேரம் கழித்துப் பாவா விரலால் சொட்டைத் துடைத்தார். அடியில் கண்ணாடி தெளிவாக இருந்தது. முள் ஓடிக்கொண்டிருந்தது.

"மணி இன்னாடா?" என்றார்.

பரந்தாமன் இந்தத் தடவை குனிந்து நன்றாகப் பார்த்துத்தான் சொன்னான்.

அப்போது பாதி திறந்த ஷட்டருக்கு அடியில் ஒரு மொட்டைத் தலை குனிந்து எட்டிப் பார்த்தது. தலை முழுக்கச் சந்தனம், மஞ்சள் வேட்டி, தோளில் பை. நகரிப் பக்கத்திலிருந்து வந்த ஆளாக இருக்க வேண்டும். கையில் ஒரு வாட்சை வைத்துக்கொண்டு, கூட்டத்தில் நசுங்கி நின்றுவிட்டது, கடை திறந்திருக்கிறதா என்று பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாகக் கேட்டான்.

கன்னியம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆதிகேசவன், தெறந்துதான் கீது என்று சொல்லிக்கொண்டே மேசைக்கு மேலாக வலது கையை நீட்டினார். கை லேசாக ஆடியது. இடது கை மடியிலேயே இருந்தது. வந்தவன் அதைக் கவனிக்கவே இல்லை; வாட்சை அந்தக் கையில் வைத்துவிட்டு, நெற்றிச் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான்.